அம்பாறைப் பிள்ளைகள் நம் வீட்டில் தங்கட்டும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்ற வதந்திதான் காரணம். கறியில் கிடந்தது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் அறிவித்தது. அதற்குள் நாசம் நடந்து முடிந்துவிட்டது. ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்படியில் இரண்டு நாள் புழங்கி, அந்த வீட்டு உம்மா ஆக்கிய சோற்றைப் பிள்ளைகளோடு ஒரே சஹனில் உண்டவனிடம் இப்படியொரு பொய் எளிதில் எடுபடாது. நம் மாவட்டத்தில் அப்படி உண்டவர்கள் மிகக் குறைவு.

அந்நியரை ஒரே வீட்டில் பழகவைக்கும் வழி உலகில் புதிதல்ல. மாணவர்களை வேற்று நாட்டுக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பரிமாற்றத் திட்டங்களில் சில, பகையின் கசப்பை அறிந்தவர்களால் தொடங்கப்பட்டவை. இரு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை அம்பியூலன்ஸில் ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் ஏ.எஃப்.எஸ். அமைப்பே 1947இல் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னர், முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக அமெரிக்கா 2002இல் ‘யெஸ்’ திட்டத்தை உருவாக்கியது. இவற்றில் மாணவன் விருந்தாளியாக இருப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைபோலப் பாத்திரம் கழுவுகிறான். விடுமுறைக்குக் குடும்பம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டால் அவனும் விறகு பொறுக்குகிறான்.

இதை நாம் நம் மாவட்டத்துக்குள்ளேயே செய்யலாம் என்பதே என் வாதம். நம் அட்டாளைச்சேனைக்கும் அம்பாறைக்கும் இடையில் நெடுந்தூரம் இல்லை. ஆனால் பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடப்பதால், முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை ஒரு சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அருகருகே அமர்வது அரிது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகு சிங்கள மாணவர்கள் நம் ஊர்ப் பக்கம் வருகிறார்கள். ஆனால் இருபது வயதில்தான் அந்தச் சந்திப்பு நடக்கிறது. அதற்குள் மனங்களில் பல கதைகள் ஊறிவிடுகின்றன.

நம் இரு தரப்பையும் ஓர் ஆறு இணைத்திருக்கிறது. பதுளை மலைகளில் பிறக்கும் கல்லோயாவை, நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த அதே ஆற்றை, 1949இல் தொடங்கிய திட்டம் இங்கினியாகலையில் மறித்தது. சேனநாயக்க சமுத்திரத்தின் நீரே மேட்டுக் குடியேற்றங்களுக்கும் கரையோர வட்டைகளுக்கும் பாய்கிறது. 1956இல் அந்தக் குடியேற்றப் பகுதியில்தான் இனக் கலவரம் வெடித்தது.

அதே மண்ணில் வேறொன்றும் நடந்திருக்கிறது. 1981இல் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கல்லோயா இடதுகரை ஊர்களில் இளம் பட்டதாரிகளை விவசாயிகளோடு தங்கவைத்தன. அவர்கள் ஊரோடு ஊராக இருந்து விவசாயிகளை ஒன்றுசேர்த்தார்கள். தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள், வாய்க்காலின் கடைசியில் இருந்த தமிழ் விவசாயிகளுக்காகத் தண்ணீரை மிச்சம்பிடித்து அனுப்பினார்கள். பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் இதை 1992இல் நூலாகவே எழுதினார். அவர்கள் தண்ணீரைப் பகிர்ந்தது, நாடு இனப் போருக்குள் சரிந்துகொண்டிருந்த காலத்தில். பக்கத்தில் இருந்து பழகியதும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்ததும்தான் அந்த மாற்றத்துக்கு வழிவிட்டன. நம் பிள்ளைகளும் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கி, பிறகு அந்த ஆற்றங்கரையில் சேர்ந்து முகாமிடட்டும்.

பெற்றோரின் கவலைகள் நியாயமானவை. பெண் பிள்ளைகளை முன்பின் தெரியாத வீட்டில் எப்படி விடுவது? தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் என்ன வழி? பெண் பிள்ளைகள் ஆசிரியையோடு சேர்ந்தே தங்கலாம். ஆண், பெண் முகாம்களைத் தனித்தனியே நடத்தலாம். தொழுகை நேரத்தையும் பன்சலைக்குப் போகும் நேரத்தையும் நிகழ்ச்சி நிரலிலேயே குறித்துவிடலாம். ஆற்றங்கரை என்பதால் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பே கூடாது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு அறபுக் கல்லூரி மாணவர்களை அள்ளிச்சென்ற துயரம் ஆறவில்லை. மாரி காலத்தில் முகாமே வேண்டாம். ஓகஸ்ட் விடுமுறையில், மேட்டான இடத்தில், உயிர்காப்பாளர் உடனிருக்க நடத்த வேண்டும். முதலை நடமாடும் ஆற்றில் யாரும் குளிக்க இறங்கக் கூடாது.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அக்கரைப்பற்று, அம்பாறை, திருக்கோவில் வலயக் கல்விப் பணிமனைகள் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாடசாலையோடு தொடங்கட்டும். முஸ்லிம், சிங்கள, தமிழ் ஆகிய மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரு வார இறுதி நம் ஊரிலும் மறு வார இறுதி மற்றவர்களின் ஊர்களிலும் தங்கட்டும். சாரணர் ஆசிரியர்கள் முகாமைப் பொறுப்பேற்கட்டும். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள் மொழி உதவிக்கு வரட்டும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடமும் தாய்மாரிடமும் என் வேண்டுகோள் இது: வருகிற ஓகஸ்டில் ஊருக்குப் பத்து வீடுகளையாவது திறந்துவையுங்கள். அடுத்த வதந்தி கிளம்பும்போது, “அது பொய், நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்” என்று அம்பாறையில் சொல்ல ஆட்கள் இருப்பார்கள்.