ஆள்சேர்ப்புத் தொழிலில் முதல் கணக்கு

மனிதவளத் துறையில் வேலையை இழந்தவர், ஆள்சேர்ப்பு நிறுவனம் தொடங்க எண்ணுவது இயல்பே. வடமாலபேட்டைக்கு ஒருபுறம் ரேணிகுண்டாவின் மின்னணு ஆலைகள். மறுபுறம் சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி. ஆள் தேடுவோருக்கும் வேலை தேடுவோருக்கும் குறைவில்லை. 1992இல் 'மாஃபா' பாண்டியராஜன் சென்னையில் தொடங்கிய நிறுவனம் நாடெங்கும் வளர்ந்ததையும் அறிவோம்.

ஆயினும், ஆளைத் தேர்ந்தெடுத்துத் தந்து கட்டணம் பெறுவது ஒரு தொழில். ஒப்பந்த முறையில் ஆட்களை அனுப்பி நாமே ஊதியம் தருவது முற்றிலும் வேறு தொழில். முன்னதற்குப் பழைய அறிமுகங்களே பெருமுதல். பின்னதில் ஊதியத்தை மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆலையோ 45 நாள் தவணை கேட்கும். ஏப்ரல் மாதத்திற்கான பணம் ஜூன் நடுவில் வரும். அதற்குள் மே மாத ஊதியமும் கைவிட்டுப் போயிருக்கும். ஐம்பது பேருக்குத் தலைக்கு 15,000 ரூபாய் என்றால் மொத்தம் 15 இலட்சம். வருங்கால வைப்புநிதியும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் தனி. பணம் வராவிட்டாலும் வரிக்கு நாள் தவறாது!

ஆகவே, பணிநீக்க இழப்பீட்டுத் தொகையை ஒப்பந்தத் தொழிலில் உடனே இடுவதை நாம் ஆதரிப்பதில்லை. முதல் ஆண்டு தேர்வுக் கட்டணத்தோடு நிற்கலாம். அதையும் ஆலையிடமே பெறவேண்டும், வேலை தேடி வருபவரிடம் அன்று. உத்யம் பதிவு பெற்ற சிறுநிறுவனத்திற்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைத்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி உண்டு. ஆலையோடு பேசும் முதல் நாளிலேயே அந்தப் பதிவு எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள்.