திருகை இறுக்கினால் மலை வந்துவிடாது

ஜிம்களில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் ‘ஸ்பின்’ வகுப்புகளில் மலையேற்ற வகுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. பெருநகரங்களில் பழகிப்போன இந்த வகுப்பு மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்து சேரத்தான் போகிறது. ஆட்சியர் அலுவலகமும் அதையொட்டி வளர்ந்த குடியிருப்புகளுமாக இருக்கும், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்காக யாராவது இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கினால் மனமார வரவேற்க வேண்டும். ஆனால் மலையேற்றம் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது வேறு. விளக்கை மங்கலாக்கி, பாட்டின் சத்தத்தைக் கூட்டி, மாஸ்டர் “இறுக்கு, இன்னும் இறுக்கு” என்று குரல் கொடுப்பார். எல்லோரும் ரெசிஸ்டன்ஸ் திருகை முறுக்கிவிட்டு, பாட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார்கள். பாட்டு முடிந்ததும் திருகைத் தளர்த்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். இதில் வியர்வை இருக்கிறது, மலை இல்லை. மலையை மலையாக்குவது அதன் நீளம். விடாமல், ஒரே சீராக, வெகுநேரம் உழைக்கவைப்பது. வகுப்பை வடிவமைப்பவர் முதலில் கடிகாரத்தைக் கையில் எடுக்க வேண்டும், பாட்டுப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் வாதம்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அண்ணாமலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 814 மீட்டர். அடிவாரத்தில் திருவண்ணாமலை ஊர் இருப்பது சுமார் 170 மீட்டரில். ஆக, ஊரிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 640 மீட்டர் உயரம். அந்த மலைமேல் சைக்கிள் ஓட்டச் சொல்லவில்லை, அது அதற்கான இடமும் இல்லை. உயரத்துக்கு ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 மீட்டர் உயரம் ஏறுபவருக்கு இவ்வளவு ஏற 64 நிமிடம் ஆகும். அவர் 60 கிலோ, சைக்கிள் 10 கிலோ என்றால், எதிர்க்காற்றையும் டயரின் உராய்வையும் கணக்கில் சேர்க்காமலே, அவர் கால்கள் 114 வாட் திறனை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் கொடுக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு இந்த 114 வாட்டைக் கொடுப்பது பலருக்கும் பெரிய காரியம் இல்லை. ஒரு மணி நேரம் கொடுப்பதுதான் மலை. இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 90 கிலோ எடையுள்ளவர் அதே வேகத்தில் ஏற 163 வாட் வேண்டும். மலை ஒவ்வொருவரையும் எடை போட்டுத்தான் ஏறவிடுகிறது. ஜிம்மில் இருக்கும் இயந்திரத்துக்கு யார் எடையும் தெரியாது. “எல்லோரும் 12-ல் வையுங்கள்” என்று மாஸ்டர் ஒரே எண்ணைச் சொன்னால், அது ஒருவருக்கு மேம்பாலம், பக்கத்தில் இருப்பவருக்குச் செங்குத்து மலை.

இந்த இயந்திரம் பிறந்த கதையிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன ஜானி கோல்ட்பெர்க், 1980களின் பிற்பகுதியில் நெடுந்தூர சைக்கிள் போட்டிக்காக வீட்டிலேயே பயிற்சி எடுக்கத் தனக்கென்று ஒரு நிலையான சைக்கிளை உருவாக்கினார். 1990களின் நடுவில் ஷ்வின் நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. நெடுந்தூரம் ஓட்டுபவர் ஒருவரின் தேவையில் பிறந்த வண்டி, பிறகு அரை நிமிட ஆவேசங்களுக்கான வண்டியாக மாறிப்போனது. அதன் முன்னால் இருக்கும் கனத்த ஃப்ளைவீல் ஒருமுறை சுழலத் தொடங்கினால் கால்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சாலையில் ஏறும்போது மிதிப்பதை நிறுத்தினால் இரண்டு நொடியில் சைக்கிள் நின்றுவிடும். இங்கே நிறுத்தினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமும் இறுக்கம் குறைவும் சேர்ந்தால் உழைப்பது காலா சக்கரமா என்றே தெரியாது. அதனால் ஏற்றத்தின் நடுவே திருகை முழுக்கத் தளர்த்தும் வழக்கத்தை வகுப்பிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

வகுப்பின் வடிவத்தை எங்கிருந்து எடுப்பது? நம் சுற்றுவட்டாரத்து மலைப்பாதைகளிலிருந்தே எடுக்கலாம். திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஒரு வளைவுக்கு 2 நிமிடம் என்று வைத்தால் 28 நிமிட ஏற்றம். முன்னால் 10 நிமிடம் கால்களைச் சூடேற்றவும், கடைசி 7 நிமிடம் ஆற்றவும் ஒதுக்கினால் 45 நிமிட வகுப்பு தயார். ஒவ்வொரு வளைவிலும் 15 நொடி எழுந்து நின்று மிதிக்கலாம், பிறகு உட்கார்ந்து அதே சீரில் தொடரலாம். முதல் ஐந்து வளைவுகளில் பக்கத்து சைக்கிளில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அடுத்த ஆறில் நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கலாம். கடைசி மூன்றில் ஒன்றிரண்டு சொல்தான் வரும். இந்தப் பேச்சுச் சோதனையைக் கையில் கட்டும் வாட்சைவிட மேலாக நம்பக் காரணம் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதைச் சாப்பிடுபவரிடம் “140-க்கு ஏற்றுங்கள்” என்றால், வராத எண்ணைத் துரத்திக்கொண்டு அவர் எல்லை தாண்டிப் போவார். எத்தனையாவது நிமிடம் என்று எண்ணுவதைவிட “பாரி வந்துவிட்டது, அடுத்து ஓரி” என்று அழைப்பது மனத்துக்கும் பிடிமானம் தரும். அந்த வல்வில் ஓரியின் கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 வளைவுகள். அதை ஒரே நாளில் ஏற்றிவிட நினைக்காமல் வாரம் 14 என்று பிரித்தால் ஐந்து வாரத்துக்கான திட்டம் கிடைத்துவிடுகிறது.

முதல் ஆட்சேபம் முட்டியைப் பற்றியது. இறுக்கிவைத்து மிதித்தால் முட்டி தேயாதா என்று கேட்பவர்களின் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. கனத்த ரெசிஸ்டன்ஸில் மிக மெதுவாக மிதிக்கும்போது முட்டிச் சில்லின் பின்புறம் அழுத்தம் ஏறுவது உண்மை. அதனால்தான் ஏற்றத்தில் பெடல் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்றுக்குள் இருக்க வேண்டும். 60-க்குக் கீழே போனால் திருகைக் கால் சுற்று தளர்த்த வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருகைவிட முட்டியை அதிகம் கெடுப்பது சீட்டின் உயரம். புதிதாக வருபவர்கள் விழுந்துவிடுவோம் என்ற பழைய பயத்தில் தரை எட்டும்படி சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். விழ வாய்ப்பே இல்லாத சைக்கிளில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகம். ஒருவருக்கு இரண்டு நிமிடம் செலவழித்து இதைச் சரிசெய்யாத மாஸ்டர் ஏற்றத்தைத் தொடங்கவே கூடாது.

இரண்டாவது ஆட்சேபம் ஆய்விலிருந்து வருகிறது, கனமானது. நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் ஹெல்கெருட் குழு நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நாடித்துடிப்பின் உச்சத்தில் 90 முதல் 95 சதவீதம் எட்டும்படி 4 நிமிட வேகம், 3 நிமிட ஆசுவாசம் என்று நான்கு முறை செய்தவர்களின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் எட்டு வாரத்தில் 7.2 சதவீதம் கூடியது. 15 நொடி வேகம், 15 நொடி ஆசுவாசம் என்று மாறி மாறிச் செய்தவர்களுக்கு 5.5 சதவீதம். சீரான மிதவேகத்தில் ஓடியவர்களுக்குச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அப்படியானால் விட்டுவிட்டு விரட்டுவதுதானே நல்லது? அந்த முடிவை மறுக்கவில்லை. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் உடல்நலமுள்ள, ஏற்கெனவே ஓரளவு பயிற்சி எடுத்த ஆண்கள். சுகரும் பிரஷரும் முட்டி வலியுமாக 45 வயதில் முதல்முறை ஜிம்முக்கு வருபவர்களை அதே அளவில் முதல் வாரமே விரட்டுவதற்கு அந்த ஆய்வு அனுமதிச் சீட்டு ஆகாது. அதில் அதிகப் பலன் தந்தது 4 நிமிடம் சீராகத் தாங்கும் உழைப்பு என்பதையும் பார்க்க வேண்டும். அது ஒரு சிறிய மேடு ஏறுவதற்குச் சமம். இரண்டு மாதம் ஏலகிரி ஏறிப் பழகிய கால்களுக்கு இந்த 4 நிமிட மேடுகளைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதல் நாளிலேயே விரட்டுவது என்ன செய்யும் என்பதற்கு மருத்துவச் சான்று இருக்கிறது. அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் 2017-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, முதல் ஸ்பின் வகுப்பு முடிந்தபின் தொடைத் தசைகள் சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றியது. ராப்டோமயோலைசிஸ் என்னும் இந்த நிலையில் தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நடக்கப் பழகிய உடம்புதானே என்று நினைப்போம். தொடையின் பெரிய தசைகளை இவ்வளவு நேரம் இப்படி வேலை வாங்குவது நடையில் நேர்வதே இல்லை. ஆகவே முதல் நாள் வருபவர் ஐந்து வளைவோடு நிறுத்திக்கொண்டு மீதியை லேசாக மிதிக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதி ஒட்டலாம். மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதலாம்.

அறையின் வெப்பத்தை வகுப்பு வடிவமைப்பில் யாரும் சேர்ப்பதில்லை. நம் ஊர்களில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். மனித உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது; மீதி வெப்பம். சுமார் 110 வாட் மிதிக்கும் ஒருவர் 350 முதல் 400 வாட் வரை வெப்பத்தை வெளியிடுகிறார். 15 பேர் சேர்ந்தால், அறைக்குள் 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் மூன்றைப் போட்டுவிட்டதற்குச் சமம். 1.5 டன் ஏசி ஒன்று வெளியேற்றுவது சுமார் 5,200 வாட். சுவரின் சூட்டையும் கூரையின் சூட்டையும் விடுங்கள், மிதிப்பவர்களின் சூட்டையே அது தனியாகச் சமாளிக்க முடியாது. சாலையில் மெதுவாக ஏறினாலும் முகத்தில் கொஞ்சம் காற்று படும். நின்ற சைக்கிளில் அதுவும் கிடையாது. ஏசி போட்டாயிற்று என்று நிறுத்தாமல், இரண்டு சைக்கிளுக்கு ஒரு பெரிய மின்விசிறி முன்னால் இருந்தே ஆக வேண்டும். சித்திரை, வைகாசியில் வளைவுகளைப் பத்தாகக் குறைப்பதும் சரியே.

கிரிவலம் இருக்கும் ஊரில் இதெல்லாம் எதற்கு, காசைக் கொட்டி நின்ற இடத்தில் மிதிப்பானேன் என்பது கடைசி ஆட்சேபம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை எளியவர்களுக்கும் திறந்திருக்கும் அருமையான நடைவெளி, அதற்கு ஈடாக எந்த ஜிம்மும் நிற்க முடியாது. ஆனால் அது பெரும்பாலும் சமதரை; பலர் அதைச் சுற்றுவது மாதம் ஒரு பௌர்ணமிக்கு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் கேட்கிறது. லான்செட் குளோபல் ஹெல்த் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி 2022-ல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். சமையலையும் பிள்ளைகளையும் அலுவலகத்தையும் முடித்துவிட்டு இரவு ஏழரைக்குத்தான் ஒரு பெண்ணுக்கு நேரம் கிடைக்கிறது என்றால், அந்த நேரத்தில் லாரியும் பஸ்ஸும் போகும் வேலூர் சாலையில் சைக்கிள் ஓட்டச் சொல்ல முடியாது. பாதுகாப்பான அறையும், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலையும் அவருக்குக் கிடைப்பது ஆடம்பரமாகாது.

ஒன்றை மட்டும் இந்த வகுப்பால் தரவே முடியாது: இறக்கம். போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறிப் பார்க்கும் ஆசை, சில மாதம் மிதித்தவர்களுக்கு நிச்சயம் வரும். ஏறும் தெம்பும் இருக்கும். ஆனால் நின்ற சைக்கிளில் பிரேக் பிடித்துப் பழகியிருக்க மாட்டார்கள், வளைவில் உடம்பைச் சாய்த்திருக்க மாட்டார்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டுவிட்டுப் பிடிப்பது, எதிரே வரும் பஸ்ஸுக்கு இடம் விட்டு ஓரம் பிடிப்பது ஆகியவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வண்டி நடமாட்டம் இல்லாத சின்னச் சரிவில் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்புக்குப் பணம் கட்டும் நாளிலேயே அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் குறித்துக் கொடுத்துவிடலாம்.