அப்புச்சி வடவள்ளியில... மகள் சரவணம்பட்டியில! 'பக்கத்துல' வீடு வாங்கியும் எட்டாத தூரம்

கோவை:

"அப்பா, அம்மாவுக்கு வயசாயிடுச்சு. பக்கத்துல போய் இருந்துக்கலாம்..."

பெங்களூரிலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கும் கோவைக்காரர்கள் வீட்டில் இந்த பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. ஊர் திரும்புவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எந்த ஏரியாவில் வீடு? அங்கே தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பெற்றோர் பக்கத்தில் இருக்கத்தான் வருகிறார்கள். ஆனால் வீடு பார்க்க கிளம்பியதும் 'பக்கம்' மறந்து போய், 'கெத்தான ஏரியா' முன்னால் வந்து நின்று கொள்கிறது. நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், ஜிம், வாசலில் செக்யூரிட்டி... விளம்பர புத்தகத்தை புரட்டினாலே கண்ணை கட்டுகிறது!

15 கிலோமீட்டர் தானே?

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு வடவள்ளியில் சொந்த வீடு. வேளாண் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் அந்த பக்கமே இருப்பதால் ரிட்டயர்டு ஆனவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் இடம் அது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. வேலை. ஆபீசுக்கு பக்கத்திலேயே காம்பவுண்டு போட்ட குடியிருப்பில் வில்லா வாங்குகிறார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர். பெங்களூரில் ரிங் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது ஒரு தூரமே கிடையாது. ஆனால் வடவள்ளி ஊருக்கு மேற்கே இருக்கிறது, சரவணம்பட்டி வடகிழக்கே இருக்கிறது. போனால் காந்திபுரம், கணபதி வழியாக சத்தி ரோட்டில் போக வேண்டும். இல்லாவிட்டால் இடையர்பாளையம், கவுண்டம்பாளையம், துடியலூர் என்று சுற்ற வேண்டும். ராத்திரி 11 மணிக்கு பறந்து விடலாம். சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் சத்தி ரோட்டில் மாட்டியவர்களை கேட்டால் தெரியும் அந்த வேதனை.

கடைசியில் என்ன நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மத்தியான சாப்பாட்டுக்கு மட்டும் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பெங்களூரில் இருந்தபோது மாதம் ஒருமுறை, இப்போது வாரம் ஒருமுறை. அப்புச்சிக்கு ஒரு புதன்கிழமை பிரஷர் ஏறினால், ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரர் தான்.

மெட்ரோ வந்தா சரியாகிடும் என்று சொல்லி மனை விற்றவர்களும் உண்டு. அவினாசி ரோடு, சத்தி ரோடு இரண்டிலும் கோவைக்கு மெட்ரோ ரெயில் கேட்டு அனுப்பிய திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பி விட்டது. அது என்றைக்காவது வரலாம். அம்மச்சியின் முழங்கால் வலி அதுவரை காத்திருக்காது.

மேம்பாலம் மாற்றிய கணக்கு

அதே நேரம், இன்னொரு பக்கம் நிலைமை மாறி இருக்கிறது. உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ந்தேதி திறக்கப்பட்டது. இதனால் காளப்பட்டி, நீலாம்பூர் பக்கம் குடியேறுகிறவர்கள் சிக்னலில் நிற்காமல் ஊருக்குள் வந்து விட முடிகிறது. பெற்றோர் ரேஸ்கோர்ஸ், புலியகுளம் பக்கம் இருந்தால் அவினாசி ரோட்டை ஒட்டி வீடு பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளும் அந்த ரோட்டிலேயே வரிசையாக இருக்கின்றன. விமான நிலையமும் பக்கம் தான். ஆனால் அது வருஷத்துக்கு ஒருமுறை வரும் அமெரிக்கா தம்பிக்கு வசதி, தினமும் மாத்திரை போடும் அப்பாவுக்கு இல்லை.

ஆக, பெற்றோர் எந்த திசையில் இருக்கிறார்களோ அந்த திசையில் தான் தேட வேண்டும். வடவள்ளியில் அவர்களை வைத்துக்கொண்டு காளப்பட்டியில் வில்லா வாங்குவது வெறும் பெருமைக்கு தான்.

தண்ணி வருமா?

கோவையில் வீடு பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, 'சிறுவாணி தண்ணி வருமா?' என்று தான். இப்போது அதை கேட்டால் மட்டும் போதாது. சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி, துடியலூர், வடவள்ளி எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதிகள். 24 மணி நேர குடிநீர் திட்டம் போடப்பட்டதோ பழைய மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கு. அதனால் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி விடுகிறார்கள், போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணி, லாரி தண்ணிக்கு மாசம் எவ்வளவு என்று அங்கேயே குடியிருப்பவர்களிடம் விசாரிக்க வேண்டும். விற்கிறவரிடம் கேட்டால், 'அதெல்லாம் பிரச்சினையே இல்லைங்க' என்று தான் பதில் வரும்!

வடவள்ளிக்கு மேற்கே போனால் சிக்கல் வேறு மாதிரி. மலையடிவாரத்தில் குளுகுளு காற்று, அப்பா வீட்டுக்கும் பக்கம் என்று சிலர் மனையை பிடிக்கிறார்கள். மருதமலை, தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் காட்டு யானை ஊருக்குள் வருவது அடிக்கடி நடக்கிற விஷயம். அந்த பக்கத்தில் பல கிராமங்கள் மலைப்பகுதி பாதுகாப்பு குழுமத்தின் பட்டியலிலும் இருக்கின்றன. அங்கே மனை பிரிக்க தனி அனுமதி வேண்டும். அதை பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் பணம் மாட்டிக்கொள்ளும்.

சாளையை விட்டு வந்தவர்கள்

பிள்ளைகள் வருவது ஒரு பக்கம் என்றால், பெரியவர்கள் கிளம்பி வருவது இன்னொரு பக்கம். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் தோட்டத்து சாளையில் இருந்தவர்கள் மகனோடு இருக்கலாம் என்று வருகிறார்கள். அங்கே காலையில் எழுந்தால் மாடு, வாய்க்கால், பேச நாலு பேர். இங்கே வில்லாவில் காலை 9 மணிக்கு மகனும் மருமகளும் கிளம்பி விடுவார்கள். கார் ஓட்ட தெரியாது. பஸ் ஏற வேண்டும் என்றால் கேட்டில் இருந்து மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். கோவில், டீக்கடை, மருந்துக்கடை எதுவும் கூப்பிடு தூரத்தில் இல்லை. உள்ளே இருக்கும் நீச்சல் குளத்தை வைத்து பெரியவர் என்ன செய்வார்?

இவர்களுக்கு ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி மாதிரி பழைய பகுதியில் சின்ன பிளாட் கூட பெரிய வசதி. லிப்ட்டில் இறங்கி நடந்தால் காய்கறி, கோவில், டாக்டர் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதே பணத்துக்கு வெளியே வில்லாவே கிடைக்கும் என்பதால், அங்கே இடம் சின்னதாக இருக்கிறது என்று மகன் வேண்டாம் என்கிறார்.

முதலில் வாடகை

எந்த பக்கம் போனாலும் எடுத்த எடுப்பில் வாங்க வேண்டுமா? தமிழ்நாட்டில் மனையோ பழைய தனி வீடோ வாங்கினால் முத்திரை தீர்வை 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம். 1 கோடி ரூபாய் பத்திரத்துக்கு 9 லட்சம் ரூபாய் போய்விடும். ஒரு வருஷம் கழித்து 'அம்மாவுக்கு ஒத்து வரலை' என்றால் அந்த 9 லட்சத்தை யாரும் திருப்பி தரப்போவதில்லை. 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் இருந்து பார்த்தால் தண்ணி, டிராபிக், ராத்திரி டாக்டர் கிடைப்பாரா என்பது எல்லாம் தெரிந்து விடும்.

பெரியவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மகன் வில்லாவுக்கு பணம் போதவில்லை என்று ஊரில் இருக்கும் வீட்டை விற்று கொடுத்து விடுகிறார்கள். பத்திரம் மகன் பெயரில் மட்டும் ஆகிறது. நாலு வருஷத்தில் மகனுக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தாலோ, மாமியார் மருமகள் பேச்சு முற்றினாலோ பெரியவர்கள் எங்கே போவார்கள்? திரும்பி போக சாளையும் இல்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம் 2007-ல் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய அதன் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. மத்திய பிரதேச தாய் ஒருவர் மகனுக்கு கொடுத்த தான பத்திரத்தை 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இப்படித்தான் ரத்து செய்தது. கடைசி வரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதி கொடுத்த உறுதிமொழி அந்த வழக்கில் முக்கியமாக பேசப்பட்டது.

ஆனால் சொத்தாக எழுதாமல், விற்ற பணத்தை கையில் கொடுத்தவர்களுக்கு வழி இத்தனை சுலபம் இல்லை. அந்த பணத்தில் தான் வீடு வாங்கியது என்று நிரூபிக்க வேண்டி வரும். அதனால் பணத்தை பேங்க் வழியாக கொடுப்பதும், கிரைய பத்திரத்தில் தங்கள் பெயரையும் சேர்க்க சொல்வதும் பெரியவர்களுக்கு பாதுகாப்பு. பெற்ற மகனிடம் இதை எப்படி கேட்பது என்று கூச்சப்படுகிறவர்கள், ஊர் வீட்டை ஒரு வருஷம் விற்காமல் வாடகைக்கு விட்டு வரலாம். பராமரிப்பு கேட்டு மனு கொடுக்க வேண்டியது ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில். சொத்தை ரத்து செய்ய கேட்கும் மனுக்களும் அங்கே தான் வாங்கப்படுகின்றன.