துப்பாக்கி தொட மறுத்தவர்கள்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ராணுவச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை விரும்பி வந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட படைக்கு, மார்ச் 2 முதல் 18 வயதிலிருந்து 41 வயதுக்குள் இருந்த மணமாகாத ஆண்கள் வந்தே தீர வேண்டும் என்றானது. மே மாதம் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. போரிட மனசாட்சி இடம் தராதவர்கள் விண்ணப்பித்து விடுபடலாம். ஆளைப் பிடித்துப் போருக்கு அனுப்பும் சட்டமே மறுக்கும் உரிமையையும் எழுதி வைத்தது, அன்றைய ஐரோப்பாவில் சாதாரணக் காரியம் அல்ல.

விண்ணப்பங்களை விசாரிக்க நாடெங்கும் சுமார் 2,000 தீர்ப்பாயங்கள் அமைந்தன. நகரசபை உறுப்பினர்களும் கடைக்காரர்களும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். குறுக்குக் கேள்வி கேட்க ராணுவப் பிரதிநிதி ஒருவரும் இருந்தார். 'ஜெர்மன்காரன் உன் தங்கை மேல் கை வைத்தால் என்ன செய்வாய்?' என்ற கேள்வியை ஊர் ஊராகக் கேட்டார்கள். தடுப்பேன் என்றால், சண்டை போடத் தயங்காதவன் என்று முடிவு கட்டலாம். சும்மா இருப்பேன் என்றால் பொய்யன் அல்லது கோழை. பல வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்துபோயின. ஒருவர் நெஞ்சுக்குள் இருப்பதை நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது? அந்தக் கேள்வியால் அளக்க முடிந்ததெல்லாம் எதிரே நின்றவரின் வாய்ச்சாமர்த்தியத்தை மட்டும்தான்.

போர் முடியும்வரை மறுத்தவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். குவேக்கர்கள், மெதடிஸ்டுகள் போன்ற கிறிஸ்தவப் பிரிவினர், 'முதலாளிகளின் போருக்குத் தொழிலாளி ஏன் சாக வேண்டும்' என்று கேட்ட சோஷலிஸ்டுகள் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரும் ஒரே அளவில் மறுக்கவும் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கப் போனவர்கள் உண்டு. ஆயுதம் ஏந்தாத படைப்பிரிவில் சேர்ந்து சாலை போட்டவர்கள் உண்டு. போருக்குத் துணைபோகும் எந்த வேலையையும், சீருடை அணிவதைக்கூட, ஏற்க மாட்டோம் என்ற முழு மறுப்பாளர்களும் இருந்தார்கள். கடும் தண்டனை இந்தக் கடைசிப் பிரிவினருக்கே விழுந்தது.

யார்க்‌ஷயரில் உள்ள ரிச்மண்ட் கோட்டையில் அப்படி மறுத்த 16 பேரை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சண்டர்லாந்து கால்பந்து அணியின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர், இன்னொருவர் இரும்புச் சுரங்கத் தொழிலாளி. பெர்ட் பிராக்கிள்ஸ்பி என்ற பள்ளி ஆசிரியர், தாம் மணக்க இருந்த பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் வரைந்தார். அந்தச் சுவர்க் கிறுக்கல்கள் இன்றும் இருக்கின்றன. மே மாதக் கடைசியில் 16 பேரையும் பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே கட்டளையை மீறுவது போர்முனைக் குற்றம், சுட்டுக் கொல்லலாம்.

படைவீரர்கள் வீட்டுக்கு அனுப்ப அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. அதில் வேண்டாத வரிகளை அடிக்கலாம், எதையும் சேர்த்து எழுதக் கூடாது. பிரான்சுக்குப் போனவர்களில் ஒருவர் வரிகளை மட்டுமின்றிச் சொற்களுக்குள் இருந்த எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து அடித்தார். மிஞ்சியதைக் கூட்டிப் படித்தால் 'பூலோனுக்கு அனுப்பப்படுகிறேன்' என்று வந்தது.

ஜூன் மாதம் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன் அருகே, அணிவகுத்து நின்ற படைகளின் முன்னால் தீர்ப்பு வாசித்தார்கள். சுட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று படித்து நிறுத்தினார் அதிகாரி. தளபதி ஹெய்க் உறுதிசெய்துள்ளார் என்று படித்து மறுபடியும் நிறுத்தினார். அதற்குப் பிறகே, பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்படுகிறது என்ற வரி வந்தது. ரிச்மண்ட்காரர்களையும் சேர்த்து 35 பேருக்கு இப்படி மரணம் காட்டி மீட்டார்கள். யாரையும் சுடக் கூடாது என்பது பிரதமர் ஆஸ்க்வித்தின் உத்தரவு.

மொத்தத்தில் சுமார் 6,000 பேர் ஒரு முறையாவது சிறை சென்றார்கள். தண்டனை முடிந்து வெளியே வந்தவரைப் படைவீரராகவே கணக்கிட்டு, மறுபடி கட்டளையிட்டு, மறுத்தால் மறுபடி உள்ளே தள்ளினார்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் டைஸ் என்ற இடத்தில் கல்லுடைக்க அனுப்பப்பட்டவர்கள் ஒழுகும் கூடாரங்களில் படுத்தார்கள். வால்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 1916 செப்டம்பரில் அங்கேயே நிமோனியாவில் இறந்தார். போர் முடிந்த பிறகும், தேசத்துக்கான மாற்றுப் பணி எதுவும் செய்யாத மறுப்பாளர்களின் ஓட்டுரிமையை 1918 சட்டம் ஐந்தாண்டுக்குப் பறித்தது.

இவர்கள் மேல் ஊருக்கு இருந்த கோபத்தையும் தள்ளிவிட முடியாது. ஒருவர் போகாவிட்டால் அவர் இடத்துக்கு அடுத்த வீட்டுப் பையன் போனான். சோம் நதிக்கரைப் போரில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு இவர்கள் சுயநலக்காரர்களாகவே தெரிந்திருப்பார்கள். ஆனாலும் மறுப்புக்கான விலையை இவர்கள் தங்கள் உடம்பாலேயே கொடுத்தார்கள் என்பதை மறைக்க முடியாது.

1939-இல் மறுபடி கட்டாயச் சேவை வந்தபோது அரசு பாடம் படித்திருந்தது. தீர்ப்பாயங்களின் தலைமைப் பொறுப்பு நீதிபதிகளிடம் போனது, ராணுவப் பிரதிநிதிக்கு இடமில்லை. சுமார் 60,000 பேர் மனசாட்சி மறுப்பாளராகப் பதிவு செய்தார்கள். அவர்களில் சில நூறு பேர் வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுக்கும் வேலைக்குத் தாங்களே முன்வந்தார்கள். கொல்ல மறுத்தவர்கள் சாக அஞ்சவில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

கட்டாயச் சேவைக்கு ஆள் எடுப்பது 1960-இல் நின்றது. மறுக்கும் உரிமையோ மருத்துவமனைக்கு இடம் மாறியது. 1967 கருக்கலைப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மனசாட்சி ஒப்பாதவர் அந்தச் சிகிச்சையில் பங்கேற்க வேண்டியதில்லை என்கிறது. இங்கே கணக்கு மாறுகிறது. படைவீரர் மறுத்தால் தண்டனை அவருக்கு. மருத்துவர் மறுத்தால் காத்திருப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் பெண். அதனால்தான் சட்டமும் எல்லை போட்டிருக்கிறது. பெண்ணின் உயிரைக் காக்கவோ, நிரந்தரமான பெரும் பாதிப்பைத் தடுக்கவோ அந்தச் சிகிச்சை தேவைப்பட்டால் மறுப்பு செல்லாது.

கிளாஸ்கோவில் பிரசவ வார்டை மேற்பார்வையிட்ட மருத்துவச்சிகள் இருவர், மற்ற பணியாளர்களுக்குக் கருக்கலைப்பு வேலையைப் பிரித்துத் தருவதையும் மறுக்கலாமா என்று வழக்காடினார்கள். 2014-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. கையால் செய்யும் வேலையை மறுக்கலாம், வார்டு நடத்தும் வேலையை மறுக்க முடியாது. மறுப்பவர், வந்த பெண்ணை வேறொரு மருத்துவரிடம் அனுப்பி வைக்கவும் வேண்டும்.