டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்



பின்னலாடைத் தொழில் பேசும் பக்கத்தில் கார் கியர்பாக்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். திருப்பூர் அனுப்பர்பாளையத்து வாசகர் ஒருவரின் கடிதம்தான் காரணம். "ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டேனுங்க. கியர் ஆயில் மாத்தக் கம்பெனி சர்வீஸ்ல கேட்கிற ரூபாயைப் பார்த்தா தலை சுத்துது. வெளியில வேற பிராண்டு குறைச்ச விலைக்குக் கிடைக்குது. ஊத்தினா வாரண்டி போயிருமா?" அவிநாசி சாலையில் தாழ்வான கார்கள் உறுமிக்கொண்டு போகிற காலம் இது. இந்தச் சந்தேகம் அவரோடு நிற்காது.

முதலில் ஆயில். கிளட்ச் தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில், பல்சக்கரங்கள் தேயாமல் வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்க வேண்டும். பல பெட்டிகளில் இரண்டு வேலையும் ஒரே எண்ணெய்க்கு. அதில் கலந்திருக்கும் ரசாயனத்தின் பக்குவம் தவறினால், சிக்னலில் இருந்து நகரும்போதே வண்டி உதறும். கையால் கியர் போடுகிற வண்டிகளிலும் வம்பு உண்டு. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில், நம்பர் பெரியது என்பதற்காகவே ஜிஎல்-5 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் சில வண்டிகளின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

விலை கூடினால் நல்ல ஆயில் என்பதும் எப்போதும் சரியில்லை. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. டிஎஸ்ஜி எனும் 7 கியர் இரட்டை கிளட்ச் பெட்டியில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டுச் சாதாரண மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாடுகளில் அந்தச் சிந்தெடிக் ஆயிலால் கியர்பாக்ஸின் மின் இணைப்பில் கோளாறு வந்ததாம். செய்தவர்களுக்கே வெயில் பாடம் நடத்தியிருக்கிறது. இன்னொரு வேடிக்கை: சில கார் கம்பெனிகள் கியர் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கின்றன. ஆனால் பல சொகுசு கார்களுக்கு 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றிவிடச் சொல்கிறது. நான் இசட்எஃப் பக்கம்.

எனவே பிராண்டைவிட டப்பாவின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். கார் கம்பெனியின் எண்ணைக் குறிப்பிட்டு 'அப்ரூவ்டு' என்று போட்டிருந்தால், கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்ட ஆயில். 'சூட்டபிள் ஃபார்' என்று போட்டிருந்தால், அது ஆயில் விற்கிறவர் தாமே சொல்லிக்கொள்வது. பையர் கையெழுத்திட்ட லேப் டிப் சாய மாதிரிக்கும், டையிங் மாஸ்டர் "மேட்ச் ஆயிருச்சுங்க" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

ஊற்றும் கையும் முக்கியம். இன்றைய ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பலவற்றில் அளவுக்கம்பியே கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, ஆயிலின் சூடு கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கும்போது பக்கவாட்டுத் திருகைக் கழற்றுவார்கள். வழிகிற ஆயில் சொட்டாகக் குறைந்ததும் மூட வேண்டும். ஸ்கேனர் மாட்டிச் சூட்டைப் பார்க்காமல் "இவ்வளவு லிட்டர் போதும்" என்கிற மெக்கானிக்கிடம், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், வண்டியை விடாதீர்கள்.

இனி வாரண்டி. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம், தன் பிராண்டையே வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில் இதைத் தொட்டது. வெளி மெக்கானிக்கிடம் வேலை கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. ஆகவே சர்வீஸ் கவுண்டரில் அந்த உத்தரவை நீட்டினால் உடனே வேலை நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அளவுகோல் என்னவோ நியாயமானது. அதன்படி, வெளி ஆயில் ஊற்றியதற்காக ஏசி ரிப்பேரை மறுக்க முடியாது. கியர்பாக்ஸே போனால் வாதம் உண்டு, அப்போது உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

திருப்பூரில் பாதிக் கார்கள் கம்பெனி பெயரில்தான் ஓடுகின்றன என்று வேடிக்கையாகச் சொல்வோம். கம்பெனி கார் என்றால் வாரண்டி தகராறுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஆடிட்டர்கள்கூடச் சொல்வதுண்டு. ஆனால் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய மெர்சிடிஸ் காரை 'வணிக நோக்கம்' என்று தள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. நிட்டிங் மெஷினுக்கு இந்தச் சலுகை கிடையாது. லாபத்துக்காக வாங்கும் இயந்திரம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் சுயதொழில்காரருக்கு மட்டும் விலக்கு. ஆகவே மெஷின் செய்த கம்பெனியின் பட்டியலில் இல்லாத நிட்டிங் ஆயிலை வாரண்டி காலத்தில் ஊற்றுவது கார் விஷயத்தைவிடப் பெரிய துணிச்சல். வெள்ளைத் துணியில் ஆயில் லைன் விழுந்து, பிளீச்சிங்கிலும் போகாமல் நின்றால், அந்த நஷ்டத்தை யாரும் தர மாட்டார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேனே: கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வண்டியை விரட்டுகிறவர்கள், பந்தய உபயோகத்துக்கு வாரண்டி இல்லை என்ற வரி தங்கள் வாரண்டி புத்தகத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். பெரும்பாலும் இருக்கும்.

அனுப்பர்பாளையம் நண்பருக்கு என் பதில்: வாரண்டி காலம் முடியும்வரை 'அப்ரூவ்டு' ஆயில் மட்டும். வெளியில் மாற்றினால் ஜிஎஸ்டி பில்லில் ஆயிலின் முழுப்பெயர், வண்டி எண், கிலோமீட்டர் மூன்றும் வர வேண்டும். பேட்ச் நம்பர் தெரிகிற டப்பாவைக் கழுவி அலமாரியில் வையுங்கள். வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.