கறுப்பெல்லாம் சொத்தை அல்ல

பல் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டு, பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டு, "இங்க பாருங்க" என்பார். நாமும் "ஆமா டாக்டர்" என்று தலையாட்டுவோம். வெளியே வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், திருதிருவென விழிப்போம்.

இப்போதெல்லாம் படம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதில் வேறு தொல்லை. சென்ற மாதம் என் அம்மா தம் படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல்லுக்கு முந்திய பல்லின் வேரருகே மிளகளவில் ஒரு கறுப்பு வட்டம். "இது சீழா, புற்றுநோயா, பாரும்மா" என்றார். அன்றிரவு தூங்கவே இல்லை. விடிவதற்குள் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் சொன்னது இதுதான்: அது எலும்பில் இயற்கையாகவே உள்ள துவாரம். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகும் நரம்பு வெளியே வரும் வாசல். மறுபக்கத்திலும் அதே போல ஒன்று இருந்தது. பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் அதையொட்டி வெள்ளைக் கோடும் ஓடும். வேர்நுனியில் சீழ் என்றால் அந்த வெள்ளைக் கோடு பெரும்பாலும் அங்கே அறுபட்டிருக்கும். அம்மாவுக்கு முழுதாக இருந்தது. குளிர்ச்சி வைத்துப் பார்த்தார்கள், பல் சட்டென்று கூசியது. பல் பிழைத்தது.

அடிப்படை எளிதுதான். கதிரைத் தடுப்பது வெள்ளையாக விழும், வழிவிடுவது கறுப்பாக விழும். பல்லின் மேல்பூச்சான எனாமல் நல்ல வெள்ளை, உள்ளே இருக்கும் பகுதி சாம்பல், நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் வழி கறுப்பு. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே பெரிய கறுப்புக் குழி தெரிந்தால் பதற வேண்டாம், அது காற்று நிறைந்த சைனஸ். படத்தின் இடப்பக்கம் உங்கள் வலப்பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

டாக்டர்கள் வைத்த பொருள்களைக் கண்டுபிடிப்பது இன்னும் சுவை. வெள்ளி அடைப்பு பளிச்சென்று, கத்தரித்த ஓரத்தோடு தெரியும். பல் நிறத்தில் வைக்கும் புதிய அடைப்புகளும் வெள்ளைதான். ஆனால் பழைய வகைகளில் சில கறுப்பாக விழுந்து, சொத்தை போலவே ஏமாற்றும். எப்போதோ அடைத்த பல் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இம்பிளான்ட் என்றால் மரையாணி தெரியும், யாரும் தவறவிட முடியாது.

எனக்குப் பிடித்தது வேர் சிகிச்சை செய்த பல். வேருக்குள் வெள்ளைக் குச்சி போல இறங்கும் அந்தப் பொருளுக்குப் பெயர் கட்டாபெர்ச்சா. மலாய்ச் சொல்லான கெத்தா பெர்ச்சாதான் அப்படி ஆனது. நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரம் பிரேசிலில் இருந்து வந்தது. இதுவோ நம் காட்டுத் தாபான் மரத்தின் பால். 1840களில் சிங்கப்பூரில் இருந்த டாக்டர் வில்லியம் மான்ட்கோமரி இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். பிறகு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு இதுவே உறையானது. (வானொலிக்காரிக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.) படத்தில் வெள்ளையாகத் தெரிவது மரப்பாலால் அல்ல, அதில் கலக்கும் துத்தநாக ஆக்சைடு போன்ற பொருள்களால். அந்தக் குச்சி வேர்நுனியை ஏறக்குறைய தொட வேண்டும். பாதியிலேயே நின்றால் காரணம் கேட்கலாம்.

இன்னொன்று, பெண்களுக்கு. முழுத்தாடைப் படம் எடுக்கும்போது தோட்டைக் கழற்றாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே அதன் மங்கலான நிழல் விழுந்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். மூக்குத்தியும் கழுத்துச் சங்கிலியும் அப்படியே, கழற்றத்தான் வேண்டும். திருகாணி பழசாக இருந்தால், முதல் நாளே வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இளக்கி வையுங்கள்.