பிளேட் அரசுடையது, அலைச்சல் நம்முடையது

அமெரிக்காவில் லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறவர்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி தலைகாட்டும் யோசனை ஒன்று உண்டு: நமக்கென்று ஒரு சிறப்பு நம்பர் பிளேட் வாங்கினால் என்ன? உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கூடுதல் கட்டணம் கட்டுவார்கள், அதில் ஒரு பங்கு நமக்கு வரும், சின்னமும் ஊரெல்லாம் ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் சேர்க்கக் கிளம்புமுன் மாநிலச் சட்டத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுவது நல்லது. ஒப்புதல் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பணம் பிரியும் விதமும் வேறு.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். 450 பேர் முன்பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், மாநிலச் சட்டமன்றமும் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். வருவாய்ப் பங்கு உள்ள பிளேட்டுக்கு ஆண்டுக் கட்டணம் 25 டாலர், அதில் அமைப்புக்குப் போவது 15. இதைக் கேட்டதும் பொருளாளர் 450-ஐ 15-ஆல் பெருக்கத் தொடங்கிவிடுவார். பெருக்க வேண்டாம். முதல் 1,000 பிளேட்டுகளுக்கு அமைப்புக்குக் காலணா கிடையாது, பங்கு அதற்குமேல்தான். 1,200 பிளேட் ஓடினால் கைக்கு வருவது ஆண்டுக்கு 3,000 டாலர். 450-ஐத் தாண்டி 1,000-ஐ எட்டாத அமைப்புக்குப் பிளேட் இருக்கும், பணம் இருக்காது.

டென்னசியில் முன்பதிவு 1,000. தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவதில் பாதிதான் அமைப்புக்கு. 40 சதவீதம் மாநிலக் கலை ஆணையத்துக்கு, 10 சதவீதம் நெடுஞ்சாலை நிதிக்கு. நம் ஆதரவாளர் நமக்குத் தருவதாக நினைத்துத் தரும் பணத்தில் ஓவியர்களுக்கும் சாலைக்கும் பங்கு உண்டு என்பதை விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளோரிடா இத்துறையில் மூத்த மாநிலம். சேலஞ்சர் விண்கல விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1987-இல், நினைவு பிளேட்டோடு தொடங்கியது. பிறகு பிளேட்டுகள் பெருகிப் பெருகி, 2020-இல் சட்டம் போட்டுக் கடிவாளம் இட வேண்டியதாயிற்று. அதன்படி மொத்தம் 150 வகைக்கு மேல் இருக்கக் கூடாது. புதிதாக வருபவர் 3,000 முன்விற்பனைச் சீட்டு விற்றாக வேண்டும். விற்று, அச்சேறி, சாலைக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை: தொடர்ந்து 12 மாதம் 3,000-க்குக் கீழே இருந்தால், சில விலக்குகள் போக, பிளேட் நிறுத்தப்படும். ஒப்புதல் வாங்கியவர்கள் விழா எடுத்துவிட்டு மறந்துபோகும் விதி இதுதான்.

கலிஃபோர்னியா கதவையே வேறு பக்கம் வைத்துவிட்டது. எந்த அமைப்புக்குப் பிளேட் என்பதைச் சட்டமன்றம் தன் விருப்பப்படி தீர்மானித்துவந்த முறையை 2004-இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது. 2006-இல் வந்த புதிய சட்டப்படி மாநில அரசுத் துறைதான் பிளேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தொண்டு நிறுவனம் நேரடியாகக் கேட்க வழியில்லை. தேவையான முன்பதிவு 7,500. இத்தனைக்கும் கிடைக்கும் இடம் எவ்வளவு? எண்களுக்கு இடப்பக்கம் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம், எண்களுக்குக் கீழே முக்கால் அங்குலம்கூட இல்லாத ஒரு பட்டை. காவலர் தூரத்திலிருந்து எண்ணை வாசிக்க வேண்டும் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்னத்தில் நான்கு வரி முழக்கம் வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

எண்ணிக்கை விதிகள் கடுமையானவை, ஆனால் நேர்மையானவை. எத்தனை பேர் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். முடியுமா முடியாதா என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நமக்குக் கவலை தருவது மற்றது: யாருக்கு ஒப்புதல், யாருக்கு மறுப்பு என்பதில் அரசுக்கு உள்ள விருப்புரிமை.

டெக்சஸ் மோட்டார் வாகனத் துறையின் வாரியம், உள்நாட்டுப் போரின் தெற்குக் கூட்டமைப்புக் கொடி பொறித்த பிளேட்டை 2011-இல் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2015 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது: பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சு, அமைப்பின் பேச்சல்ல, ஆகவே அமைப்பு தன் பேச்சுரிமையைச் சொல்லி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரையர். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோ, கோல்ஃப் பிரியர்களுக்கான பிளேட்டைக்கூட டெக்சஸ் அரசின் கருத்தாகவா மக்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கொடி பிளேட்டில் வரவில்லை என்பதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதை மறுக்கக் கிடைத்த அதே அதிகாரம் எந்தச் சின்னத்தையும் மறுக்கும்.

வட கரோலினாவில் அதுதான் நடந்தது. கருக்கலைப்பை எதிர்க்கும் பிளேட்டுக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது, ஆதரிக்கும் பிளேட்டுக்கு மறுத்தது. இது ஒருதலைப்பட்சம் என்று கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. டெக்சஸ் வழக்குக்குப் பின் 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அரசின் பேச்சில் அரசு ஒரு பக்கம் சாயலாம் என்றது. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியும்: வர்ஜீனியா பல ஆண்டு ஓடிய கொடி பிளேட்டை 2015-இல் திரும்பப் பெற்றது.

பேச்சுரிமை வழக்கு இனி உதவாது என்றால் எழுத்தில் உள்ள விதிதான் துணை. மறுப்புக்கான அளவுகோல்கள் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முடிவுக்குக் கால வரம்பு வேண்டும். அமைப்புக்கு ஒரு தனிச் சட்டம் என்ற வர்ஜீனியா வழியைவிட, பொது விதிப்படி துறையே முடிவெடுப்பது மேல் என்பது இவ்விதழின் கருத்து. சட்டமன்றத்தில் தெரிந்தவர் இருக்கிறவருக்குப் பிளேட், இல்லாதவருக்கு இல்லை என்ற நிலை அப்போதுதான் மாறும். மாநில அளவிலான தொண்டு நிறுவனக் கூட்டமைப்புகள் அடுத்த கூட்டத்தொடரில் இவை எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

அதுவரை, நிர்வாகக் குழுவில் பிளேட் பேச்சு எழுந்தால் செயலாளர் வடிவமைப்பாளரைத் தேடாமல் உறுப்பினர் பட்டியலைத் திறக்கட்டும். எத்தனை பேர் உங்கள் மாநிலத்திலேயே வண்டி பதிவு செய்தவர்கள், ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நிறுத்தும் விதி சொல்லும் எண்ணிக்கைக்கு அது எட்டவில்லை என்றால் பம்பர் ஸ்டிக்கர் அடித்துக் கொடுங்கள். அதற்கு எந்த வாரியத்தின் ஒப்புதலும் தேவையில்லை.